கொதிக்கும் கல்லும் நவச்சார வாயுவும்

சென்ற கோடையில் ஒரு நாள் காலை என் பழைய மாணாக்கர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கடலோரத்தில் 2 ஏக்கர் பரப்பில் குட்டை வெட்டி வனாமி இறால் வளர்ப்பவர். கையில் ஒரு சிறு பொட்டலம் வைத்திருந்தார். அதைப் பிரித்து என் மேசைமீது வைத்தார். உள்ளே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு தூள் இருந்தது.

"சார், இதுதான் ஜியோலைட். தண்ணீரிலே அம்மோனியா ஏறினால் இதைப் போடச் சொல்லுகிறார்கள். ஏக்கருக்கு 20 கிலோ வீதம் நாலு தடவை போட்டுவிட்டேன். அளந்து பார்த்தால் அம்மோனியா இறங்கவே இல்லை. தூள் போலியா, நான் போடுகிற முறை தப்பா? நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார்.

குட்டையில் இறால் இரை எடுப்பது குறைந்திருந்தது. கரையோரம் வந்து சோர்ந்து நிற்பவையும் இருந்தன. அந்த இறாலை நம்பி அவர் வீட்டு நகை அடகில் இருந்தது. இதை அவர் சொல்லவில்லை. உடன் வந்திருந்த அவருடைய தம்பி சொன்னார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. மண்ணும் சிலவகைக் கற்களும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும் என்று 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொல்லி வந்தவன் நான். இவரும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தாம். அது பஞ்சு என்றால், உப்புத் தண்ணீரில் மட்டும் ஏன் உறிஞ்ச மறுக்கிறது? ஒரு வாரம் தவணை கேட்டு அவரை அனுப்பிவிட்டுப் புத்தகங்களை எடுத்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றதும், கற்றதைத் திருத்திக்கொண்டதுமே இன்றைய பேச்சு.

அம்மோனியா நம் அனைவருக்கும் அறிமுகமான பொருளே. விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்தைத் திறந்தவுடன் கண்ணைக் கரிக்கும் நெடி அதனுடையது. ஈயம் பூசுகிறவர் பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தேய்க்கும்போது எழும் புகையும் அதன் உறவுதான். ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கூடியது அதன் மூலக்கூறு. தண்ணீரின்மீது அதற்கு உள்ள பற்று வியப்புக்குரியது. சாதாரண வெப்பநிலையில் 1 லிட்டர் நீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும்.

நீரில் இறங்கியதும் அம்மோனியா இரட்டை வேடம் பூணுகிறது. ஒரு பகுதி வாயு மூலக்கூறாகவே நீரில் இருக்கும். மற்றொரு பகுதி நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, நேர்மின் ஏற்றமுடைய அம்மோனியம் அயனி ஆகிவிடும். இரண்டில் எது மிகுதி என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை முடிவு செய்கிறது. 25 பாகை வெப்பமுள்ள நன்னீரில் பிஎச் 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இராது. 8 ஆனால் ஏறத்தாழ 5 பங்கு. 9 ஆனால் 36 பங்கு. மீனையும் இறாலையும் கொல்வது பெரும்பாலும் இந்த வாயு வடிவமே. மின் ஏற்றம் இல்லாத அது செவுளின் மெல்லிய தோலை எளிதில் ஊடுருவிச் சென்றுவிடுகிறது.

வேடம் இரண்டு என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். அம்மோனியாவைப் பிடிக்கும் முறையும் இரண்டு. பிடித்ததை விடும் முறையும் இரண்டு. நான் வகுப்பில் சொன்ன பஞ்சு உவமை இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

முதல் முறையை நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கண்ணாரக் கண்டேன். எங்கள் பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குழாயில் அம்மோனியா வாயுவை நிரப்பி, அதைப் பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினார். பழுக்கச் சுட்டு ஆறவைத்த ஒரு சிறு கரித் துண்டைப் பாதரசத்தின் அடிவழியே உள்ளே செலுத்தினார். சிறிது நேரத்தில் பாதரசம் குழாய்க்குள் ஏறத் தொடங்கியது. வாயு எங்கே போயிற்று? அந்தக் கரித் துண்டுக்குள்தான். (பாதரசத்தைப் பள்ளியில் இவ்வாறு திறந்து புழங்குவது தீங்கு என்று இன்று அறிந்திருக்கிறோம். அந்தச் சோதனையை இப்போது யாரும் செய்து காட்ட வேண்டா.) இச்சோதனை பழமையானது. ஜினீவா நகரத்து சொசூர் என்னும் அறிஞர் 1814இல் அளந்து, ஒரு பங்கு பெட்டிமரக் கரி 90 பங்கு அம்மோனியா வாயுவை ஏற்கிறது என்று வெளியிட்டார். பின்னர் அதே நூற்றாண்டில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை எடுத்து அளந்தபோது அது 170 பங்குக்கு மேல் ஏற்றது. நம் அடுப்படிச் சிரட்டைக்கு இருக்கும் பெருமை இது.

ஒரு படி கரிக்குள் 170 படி வாயு எப்படி அடங்கும்? காலிப் பானையில் காற்று நிற்பதுபோல் நின்றால் அடங்காது. துளைகளின் சுவரில் வாயு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. நெருக்கமாக, ஏறத்தாழ நீர்மத்தின் நெருக்கத்தில், அடுக்கிக்கொள்கின்றன. சுவரின் பரப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு வாயு பிடிபடும். துளை நுண்ணியதாக நுண்ணியதாகப் பரப்பும் பெருகும். ஒட்டும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே பிரிக்கவேண்டுமாயின் அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கரித் துண்டைச் சூடேற்றினால் அம்மோனியா முழுதும் வெளியே வந்துவிடும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை அருகே பிடித்தால் நீலமாக மாறும்.

இனிக் கல்லுக்கு வருவோம். 1756இல் சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் குரோன்ஸ்டெட் என்பவர் ஒரு கல்லை ஊதுகுழல் சுடரில் காட்டினார். கல் உருகுவதற்கு முன்னே நுரைத்துப் பொங்கியது. கல்லுக்குள் அடங்கியிருந்த நீர் ஆவியாகி வெளியேறியதே காரணம். 'கொதிக்கும் கல்' என்னும் பொருள்பட, கிரேக்க மொழிச் சொற்கள் இரண்டைக் கூட்டி அவர் இட்ட பெயரே ஜியோலைட். நம் நாட்டில் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில், புனே, நாசிக் வட்டாரங்களில், இவ்வகைக் கற்கள் மிக அழகிய பளிங்குகளாகக் கிடைக்கின்றன. எங்கள் பள்ளி அலமாரியிலும் அப்படி ஒன்று, விசிறி விரித்தாற்போன்ற பளிங்குக் கொத்தாக, நெடுநாள் இருந்தது. அதை நான் வெறும் காட்சிப் பொருளாகவே காட்டிவந்தேன் என்பதை இப்போது வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கரியின் துளைகள் ஒழுங்கற்றவை. பெரியதும் சிறியதுமாகக் கலந்திருக்கும். ஜியோலைட்டின் துளைகளோ அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவினவாக இருக்கும். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் கோத்துக் கட்டிய சட்டத்தில் அவை வாயில்களாகவும் கூடங்களாகவும் அமைந்திருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் செய்யப்படும் ஒருவகை ஜியோலைட்டில் வாயிலின் அகலம் ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமாகப் பிரித்தால் வரும் அளவில் 0.4 பங்கு. அம்மோனியா மூலக்கூறின் குறுக்களவு அதே கணக்கில் 0.26. ஆகவே அது தாராளமாக உள்ளே நுழையும். உள்ளே மின்னேற்றம் பெற்ற இடங்கள் உண்டு. அம்மோனியா மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று எதிர்மின்னாகவும் மறுபக்கம் சற்று நேர்மின்னாகவும் இருப்பதால், அவ்விடங்களில் அது உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. நைட்ரஜன் மூலக்கூறு அவ்வாறு உறுதியாகப் பற்றுவதில்லை.

தண்ணீரும் இதே குணமுடையது. உருவிலும் அம்மோனியாவை ஒத்தது. ஈரக் காற்றில் வைத்த கல்லில் பெரும்பாலான இடங்களைத் தண்ணீரே பிடித்துக்கொண்டுவிடும். உலர்ந்த கல் அம்மோனியா வாயுவை வாரிக்கொள்ளும். ஊறிய கல் தயங்கும். பூனை வளர்ப்போர் பயன்படுத்தும் மணலிலும் கோழிப் பண்ணைக் கூளத்திலும் ஜியோலைட்டைக் கலப்பவர் இதை அறிந்தே கலக்கவேண்டும்.

வாயுவாகப் பிடித்ததை விடுவிக்க வெப்பமே சாவி. ஆனால் எல்லாம் ஒரே சூட்டில் வெளிவருவதில்லை. மெல்லப் பற்றியவை குறைந்த வெப்பத்தில் வந்துவிடும்; அமிலத்தன்மை மிக்க இடங்களில் பற்றியவை 350 பாகைக்கு மேல் சென்றாலொழிய அசையா. பெட்ரோலிய ஆலைகளில் பயன்படும் ஜியோலைட்டுகளைச் சோதிக்கும் வேதியியலார் இதையே ஓர் அளவுகோலாகக் கொண்டுள்ளனர். கல்லுக்கு அம்மோனியாவை ஊட்டிவிட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றி, எந்தப் பாகையில் எவ்வளவு வெளிவருகிறது என்று குறிக்கிறார்கள். கல்லின் உள்ளே அமில இடங்கள் எத்தனை, அவை எவ்வளவு வலியன என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது மூலக்கூறு வேடத்தின் கதை. என் மாணாக்கரின் குட்டையில் நிகழ்வதோ வேறு. தண்ணீரிலே பெரும்பகுதி அம்மோனியம் அயனியாக அல்லவா இருக்கிறது? அந்த வேடத்தைக் கல் எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் காட்டியது கல் அன்று, மண்.

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழார் தாம்ஸன் என்பவர் 1845இல், எருவின் சத்து மழையில் கரைந்து போகாமல் மண்ணில் எப்படித் தங்குகிறது என்று அறிய விரும்பினார். ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்த நீரை ஆராய்ந்தால், அதில் இருந்தது பெரும்பாலும் கால்சியம் சல்பேட்டு, அதாவது ஜிப்சம்! அம்மோனியம் மண்ணில் தங்கிவிட்டது. அதற்கு ஈடாக மண்ணில் இருந்த கால்சியம் வெளியே வந்துவிட்டது. அரச வேளாண் கழகத்தின் வேதியியலாராக இருந்த வே என்பவர் 1850ஐ ஒட்டி இதை விரிவாக ஆராய்ந்து, உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் கணக்கு ஒத்திருப்பதைக் காட்டினார். 1858இல் ஐக்கார்ன் என்னும் ஜெர்மானியர் ஜியோலைட் கற்களிலும் இதே செயல் நடப்பதையும், அதைத் திருப்பி நடத்த முடியும் என்பதையும் மெய்ப்பித்தார்.

ஆக, இது உறிஞ்சல் அன்று, பண்டமாற்று. நெல்லைக் கொடுத்து உப்பை வாங்குவது போன்றது. கல்லின் சட்டத்தில் சிலிக்கான் இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியம் உட்காரும் ஒவ்வொரு முறையும் ஓர் எதிர்மின் ஏற்றம் மிஞ்சுகிறது. அதை ஈடுசெய்யச் சோடியமோ பொட்டாசியமோ கால்சியமோ துளைக்குள் தளர்வாக அமர்ந்திருக்கும். அம்மோனியம் வந்தால், அமர்ந்திருக்கும் ஒன்று எழுந்து இடம் கொடுக்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கை கல் உருவானபோதே முடிவாகிவிட்டது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

எல்லாருக்கும் கல் ஒரே மதிப்புத் தருவதில்லை. கிளினாப்டிலோலைட் என்னும் ஜியோலைட் வகை, சோடியத்தைக் காட்டிலும் அம்மோனியத்தை விரும்புகிறது. சோடியம் அயனி தன்னைச் சுற்றிக் கனத்த நீர்ப்போர்வை போர்த்திருப்பதால் குறுகிய வாயிலில் நுழைய இடர்ப்படுகிறது என்பது ஒரு காரணம். அமெரிக்காவில் ஏம்ஸ் என்பவர் 1960இல் இவ்விருப்பத்தைக் கண்டு வெளியிட்டபின், சாக்கடை நீரிலிருந்து அம்மோனியாவை நீக்க இக்கல்லைப் படுகையாக அமைத்துப் பயன்படுத்தலாயினர். நீர் மேலிருந்து கீழாக வடியும். அம்மோனியம் கல்லில் தங்கும். சில நாளில் கல் நிரம்பிவிடும்.

நிரம்பிய கல்லை மீட்பது எப்படி? அடர்ந்த உப்புக் கரைசலைப் படுகையில் செலுத்துகிறார்கள். கல்லுக்கு அம்மோனியத்தின்மீது விருப்பம் மிகுதிதான். ஆனால் ஓர் அம்மோனியத்திற்கு எதிரே பல்லாயிரம் சோடியம் வந்து வாயிலில் மோதினால் விருப்பம் தோற்கும், கூட்டம் வெல்லும். அம்மோனியம் வெளியே வந்துவிடும். அந்தக் கரைசலில் சுண்ணாம்போ காரமோ சேர்த்தால் அம்மோனியம் மீண்டும் வாயு வேடம் பூணும். காற்றை ஊதி அதைப் பிரித்துவிடலாம். உப்பு நீர் அடுத்த முறைக்கு ஆகும்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கல்லிலிருந்து அம்மோனியாவை விடுவிக்க ஆலைக்காரர் எதை ஊற்றுகிறாரோ, அதிலேயே என் மாணாக்கர் கல்லைக் கொட்டியிருக்கிறார்!

கரும்பலகை இல்லாவிட்டாலும் பழக்கம் விடவில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அவர் குட்டை நீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு. அதில் சோடியம் மட்டும் ஏறத்தாழ 4,500 மில்லிகிராம். கல் அம்மோனியத்தைவிடச் சிறிதும் குறைவாக விரும்பாத பொட்டாசியம் 150 மில்லிகிராமுக்கு மேல். இவற்றின் நடுவே அம்மோனியம் 1 மில்லிகிராம். இந்தச் சந்தையில் அம்மோனியத்துக்கு எத்தனை இடம் கிடைக்கும்?

சரி, உப்பே இல்லாத நன்னீர்க் குட்டை என்றே கொள்வோம். 1 ஏக்கர் குட்டை 1.2 மீட்டர் ஆழம் இருந்தால் சுமார் 48 லட்சம் லிட்டர் நீர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் மொத்த அம்மோனியம் 4.8 கிலோ. நல்ல கிளினாப்டிலோலைட் 1 கிலோவுக்கு, போட்டியே இல்லாத நிலையிலும், 30 கிராம் அளவுதான் பிடிக்கும். 20 கிலோ தூள் 600 கிராம் பிடிக்கும். எட்டில் ஒரு பங்கு. முழுதும் பிடிக்க 160 கிலோ வேண்டும். அதற்குள் மறுநாள் இரை விழுந்துவிடும். 35 விழுக்காடு புரதமுள்ள தீவனம் நாளொன்றுக்கு 50 கிலோ போட்டால் அதில் நைட்ரஜன் 2.8 கிலோ. இறாலின் உடம்பில் சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி நீருக்கும் அடிச்சேற்றுக்கும் போகிறது. அதிலிருந்துதான் அம்மோனியா பிறக்கிறது.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். கணக்கைக் காட்டினால் நம்புவார் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் சொன்னால் நம்பிவிடும் பிள்ளை அவர். அதனாலேயே கணக்கை உள்ளே வைத்துவிட்டு, சோதனையை வெளியே எடுத்தேன். இரண்டு கண்ணாடிப் புட்டிகள். ஒன்றில் எங்கள் வீட்டுத் தொட்டியில் சேமித்த மழைநீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்த குட்டை நீர். இரண்டிலும் சிட்டிகை நவச்சாரத்தைக் கரைத்து, அவருடைய தூளில் இரண்டு கரண்டி வீதம் போட்டு, அவ்வப்போது குலுக்கி ஒரு மணி நேரம் வைத்தோம். மீன்தொட்டி வைத்திருப்போர் பயன்படுத்தும் சோதனைத் துளிகளால் அளந்தோம். அம்மோனியா இல்லையேல் மஞ்சள், இருந்தால் பச்சை. தூள் போடுமுன் இரண்டுமே நல்ல பச்சையாக இருந்தன. இப்போது மழைநீர் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. குட்டை நீர் பச்சையாகவே நின்றது.

"அப்படியானால் தூள் போலி இல்லை" என்றார். அவர் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றமே மிகுதி. போலி என்றால் விற்றவரிடம் சண்டையாவது போடலாம் அல்லவா?

"இன்னும் முடியவில்லை தம்பி, பொறு" என்றேன். மழைநீர்ப் புட்டியில் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய தூளின்மேல் அரைத் தம்ளர் மழைநீரில் ஒரு கைப்பிடி வேதாரணியத்துக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். குலுக்கி வைத்து, தெளிந்தபின் துளிகளை விட்டேன். முன்னைவிட அடர்ந்த பச்சை எழுந்தது. ஒரு லிட்டரில் பரவியிருந்தது அரைத் தம்ளருக்குள் வந்துவிட்டதல்லவா? அவர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் அவர் எந்தச் சோதனையையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அப்போ என் குட்டைக்கு என்ன வழி சார்?" என்று கேட்டார். அது என் துறையன்று. மீன்வளத் துறை அலுவலரைக் கேட்கும்படி சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னது இவ்வளவே: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குட்டையிலேயே உள்ளன, அவற்றுக்கு வேண்டியது ஆக்சிஜன். ஆகவே துடுப்புச் சக்கரங்கள் நிற்காமல் சுழலவேண்டும். இறால் தின்னாத இரையைக் கொட்டுவதை நிறுத்த வேண்டும். பிற்பகலில் பிஎச் ஏறுவதைக் கவனிக்க வேண்டும். அலுவலரும் இரையைப் பாதியாகக் குறைக்கவும், நீரில் ஒரு பகுதியை மாற்றவும் சொன்னாராம். அந்த அறுவடையில் அவருக்கு இலாபம் இல்லை. ஆயினும் கைமுதல் தேறியது; நகையில் ஒரு பகுதியை மீட்டார்.

பிரிக்காத தூள் மூட்டைகள் மூன்று மிஞ்சியிருந்தன. விற்றவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அவற்றை என் மாணாக்கர் தம் ஆட்டுக் கொட்டிலில் உலர்ந்த தரைமீது தூவி வருகிறார். வாரம் ஒரு முறை கூட்டி எடுத்துத் தென்னைக்குப் போடுகிறார். கொட்டிலில் நெடி குறைந்திருக்கிறது என்கிறார். நான் இன்னும் அளந்து பார்க்கவில்லை. அடுத்த முறை போகும்போது துளிகளை எடுத்துச் செல்வதாக இருக்கிறேன்.